உங்களுக்குத் தெரியுமா? மழைக்காட்டு ஊருக்கு என்ன மருந்து வேண்டும்?

தார்ச்சாலை முடிந்து, படகுத் துறையும் முடிந்து, அதற்கப்பால் நடந்தே போக வேண்டிய ஊர்கள் உலகின் மழைக்காடுகளில் ஏராளம். அங்கே யாருக்கு என்ன நோய், அது எந்த மாதம் வருகிறது, எது கிடைத்தால் உயிர் பிழைக்கும் என்பது தலைநகரத்துக் கோப்புகளில் இருக்காது. காட்டுக்குள் போய் உட்கார்ந்து கேட்டவர்கள் கண்டுபிடித்ததையும், கேட்காமல் விட்டதால் நேர்ந்ததையும் இந்த வாரம் சொல்கிறோம்.

முதல் கருவி ஒரு குச்சி

புதிய ஊருக்குள் நுழையும் சுகாதாரக் குழு, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை எடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பொது இடத்தில் மண்ணைச் சமப்படுத்தி, ஊர்க்காரர் கையில் ஒரு குச்சியைக் கொடுத்து, "உங்க ஊரை வரைஞ்சு காட்டுங்க" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்பது. முதலில் ஆறு வரும். அப்புறம் வீடுகள், வீட்டுக்கு ஒரு விதையோ கூழாங்கல்லோ. சுற்றி நிற்கும் பெண்களில் ஒருத்தர் எட்டிப் பார்த்து, "அந்தக் கடைசி வீட்டை விட்டுட்டீங்களே" என்பார். விட்டுப்போன அந்த வீட்டில்தான் கைக்குழந்தையோடு தனியாக ஒருத்தி இருப்பாள். விடாத இருமல் இருக்கும் வீட்டின் மேல் ஓர் இலை, போன மழையில் பிள்ளை இறந்த வீட்டின் மேல் ஒரு கரித்துண்டு, மருத்துவச்சி வீட்டின் மேல் ஒரு பூ.

அடுத்து மாதக் கணக்கு. ஆறு எப்போது பெருகும், காய்ச்சல் எப்போது, சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு எப்போது? மூன்றும் ஒரே மாதத்தில் வந்து விழுந்தால், மருந்துப் படகு அதற்கு முந்தைய மாதமே புறப்பட்டாக வேண்டும். 1980களின் கடைசியில் இந்தியாவிலும் கென்யாவிலும் வளர்ந்த முறை இது. இங்கிலாந்தைச் சேர்ந்த ராபர்ட் சேம்பர்ஸ் இதைப் பல நாடுகளுக்கும் கொண்டு சேர்த்தார்.

இருநூற்றுப் பத்துப் பிள்ளைகள் போதும்

ஒரு வட்டாரத்தில் எத்தனை சதவீதக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போய்ச் சேர்ந்திருக்கிறது என்று அறிய எல்லா வீட்டுக்கும் போக வேண்டியதில்லை. 30 ஊர்களைக் குலுக்கலில் எடுத்து, ஊருக்கு 7 பிள்ளைகள், ஆக 210 பேரைப் பார்த்தால் ஓரளவு சரியான கணக்கு வந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் பல ஆண்டுகள் பயன்படுத்திய வழி இது. காட்டில் ஒரு சிக்கல். பட்டியலில் பெயர் இல்லாத ஊர் குலுக்கலிலும் வராது. தடுப்பூசியே எட்டாத ஊர்தான் பெரும்பாலும் பட்டியலிலும் இருக்காது. குச்சியும் மண்ணும் முதலில் வேண்டும் என்பது இதனால்தான்.

அக்கா தங்கையைப் பற்றி நான்கு கேள்விகள்

பிரசவத்தில் இறந்த பெண்களைப் பற்றி எந்த ஆவணமும் இல்லாத இடத்தில் அந்தக் கணக்கை எப்படி எடுப்பது? வெண்டி கிரஹாம் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 1989இல் வெளியிட்ட வழி மிக எளிமையானது. கூடப் பிறந்தவர்களிடம் கேட்பது. உங்கள் அம்மா வயிற்றில் பிறந்த சகோதரிகளில் பருவம் தாண்டியவர்கள் எத்தனை பேர்? இப்போது உயிரோடு இருப்பவர்கள் எத்தனை? இறந்தவர்கள் எத்தனை? அவர்களில் கர்ப்பமாக இருந்தபோதோ, பிரசவத்திலோ, பிள்ளை பெற்ற ஆறு வாரத்துக்குள்ளோ போனவர்கள் எத்தனை?

ஒருவர் பல சகோதரிகளைப் பற்றிச் சொல்லிவிடுவதால் குறைந்த வீடுகளிலேயே கணக்குத் தேறிவிடும். ஆனால் பதில் சொல்பவருக்கு அது கணக்கு அல்ல. கடைசிக் கேள்வியைக் கேட்டுவிட்டு உடனே அடுத்த வீட்டுக்கு எழுந்து போகிறவர் இந்த வேலைக்கு ஆகமாட்டார்.

11.5 சென்டிமீட்டர்

எடைக்கல்லோ தராசோ சுமக்க முடியாத பாதையில் சட்டைப்பையில் போகும் கருவி ஒன்று உண்டு. சிவப்பு, மஞ்சள், பச்சை அடித்த ஒரு நாடா. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளையின் இடது கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் சுற்ற வேண்டும். இறுக்கக் கூடாது, தொளதொளப்பாகவும் விடக் கூடாது. சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் சிவப்பு. உடனே சிகிச்சை தொடங்காவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று அர்த்தம். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாக்களும் ஒரே நாளில் கற்றுக்கொண்டு தாங்களே அளந்து பார்க்கிறார்கள். ஒரு நாடாவை ஊரிலேயே விட்டுவிட்டு வரும் குழுவை எனக்கு மிகவும் பிடிக்கும்.

நானூறு மணி நேரம் கேட்டார்கள்

இந்தோனேசியாவின் மேற்குக் கலிமந்தானில், போர்னியோ தீவில், குனுங் பாலுங் என்றொரு தேசியப் பூங்கா இருக்கிறது. ஒராங்குட்டான்கள் வாழும் காடு. 1993இல் அவற்றைப் பற்றி ஆராய வந்த கினாரி வெப் என்ற அமெரிக்க மாணவி, காடு வெட்டப்படுவதையும், அதைச் சுற்றியிருந்த மக்கள் சாதாரண நோய்க்கே தவிப்பதையும் சேர்த்துப் பார்த்தார். ஊர் திரும்பி மருத்துவம் படித்தார். ஹோட்லின் ஓம்புசுங்கு என்ற இந்தோனேசியப் பல் மருத்துவரோடு சேர்ந்து 2007இல் சுக்கடானா என்ற சிற்றூரில் 'அஸ்ரி' என்ற சிகிச்சை மையத்தைத் தொடங்கினார்.

அதற்கு முன் அவர்கள் செய்ததுதான் பெரிய காரியம். பூங்காவைச் சுற்றிய ஊர்களில் மொத்தம் 400 மணி நேரத்துக்கு மேல் கூட்டம் போட்டு மக்கள் பேசுவதைக் கேட்டார்கள். இந்தக் காடு உலகத்துக்கே வேண்டியது, அதைக் காக்கும் உங்களுக்கு நன்றியாக உலகம் என்ன செய்தால் நீங்கள் மரம் வெட்டாமல் இருக்க முடியும் என்பது கேள்வி. ஊர்கள் தனித்தனி, கூட்டங்களும் தனித்தனி. பதில் மட்டும் ஒன்றாகவே வந்தது. கைக்கு எட்டும் செலவில் நல்ல வைத்தியம் வேண்டும். உரத்துக்குக் காசு செலவழிக்காமல் விவசாயம் செய்யக் கற்றுத்தர வேண்டும்.

வைத்தியத்துக்கும் மரத்துக்கும் என்ன சம்பந்தம்? வீட்டில் ஒருவருக்கு அறுவை சிகிச்சை என்றால் அவ்வளவு பணம் ஒரே நேரத்தில் புரட்ட அந்த ஊரில் ஒரே வழிதான் இருந்தது, காட்டுக்குள் போய் மரத்தைச் சாய்ப்பது. 'உங்களுக்கு என்னென்ன நோய் இருக்கிறது' என்று அச்சடித்த படிவத்தோடு போயிருந்தால் இந்த முடிச்சு கண்ணிலேயே பட்டிருக்காது.

மக்கள் சொன்னபடியே மையம் நடந்தது. பணம் இல்லாதவர்கள் மரக்கன்றும், எருவும், தாங்கள் முடைந்த பாயும் கூடையும் கொடுத்து வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம். அதுவும் இல்லையென்றால் உடலுழைப்பு. மரம் வெட்டுவதை நிறுத்திய ஊருக்குக் கட்டணத்தில் பெரிய தள்ளுபடி, 70 சதவீதம் வரை. நோயாளி கொடுத்த கன்று, அழிந்த காட்டில் நடப்பட்டது. பின்னாளில் மிஷின் ரம்பத்தை ஒப்படைத்தால் சொந்தத் தொழில் தொடங்க முதல் கொடுக்கும் ஏற்பாடும் வந்தது.

2020இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழ் பத்தாண்டுக் கணக்கை வெளியிட்டது. மையத்துக்கு வந்த நோயாளிகள் 28,400க்கு மேல். இந்தத் திட்டம் இல்லாதிருந்தால் அழிந்திருக்கும் என்று மற்றப் பூங்காக்களை வைத்துக் கணித்த காட்டில் ஏறக்குறைய 70 சதவீதம் தப்பியிருந்தது. மையத்துக்கு மக்கள் அதிகம் வந்துபோன ஊர்களை ஒட்டித்தான் காடும் அதிகம் தப்பியது. மருத்துவத் திட்டம் ஒன்றின் பலனைச் செயற்கைக்கோள் படத்தில் பார்க்க முடிந்ததை நினைத்தால் மனம் நிறைகிறது.

யம்புக்குவின் ஐந்து ஊசிகள்

1976 செப்டம்பர். இன்று காங்கோ ஜனநாயகக் குடியரசு என்று சொல்லப்படும் ஜைர் நாட்டின் வடபகுதியில், காட்டுக்கு நடுவே யம்புக்கு என்ற ஊர். பெல்ஜியக் கன்னியாஸ்திரிகள் நடத்திய 120 படுக்கை மருத்துவமனை. டாக்டர் கிடையாது. அன்போடும் அயராமலும் உழைத்தவர்கள் அவர்கள், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் தினமும் காலையில் எடுத்து வைக்கப்பட்டவை ஐந்து ஊசிகள்தான். வரிசையில் நூற்றுக்கணக்கானோர். ஒருவருக்குப் போட்ட ஊசியை வெந்நீரில் அலசி அடுத்தவருக்குப் போட்டார்கள்.

அந்த ஊசி வழியே பரவியது அதுவரை உலகம் அறியாத ஒரு வைரஸ். நோய் வந்தவர்கள் 318 பேர், இறந்தவர்கள் 280 பேர். மருத்துவமனை ஊழியர் 17 பேரில் 11 பேர் இறந்துவிட, அது மூடப்பட்டது. மூடிய பிறகு நோயும் தணியத் தொடங்கியது.

ஊர் ஊராகப் போன ஆய்வுக்குழு நோயாளிகளை வயதுவாரியாகவும் ஆண் பெண்ணாகவும் பிரித்துப் பார்த்தபோது இளம்பெண்கள் அதிகம் இருந்தார்கள். ஏன்? கர்ப்பிணிகளுக்கான பரிசோதனை நாளில் வந்தவர்களுக்கெல்லாம் ஊசி போடுவது வழக்கம். பலருக்கு அது தேவையே இல்லாத சத்து ஊசி. ஊர் அவமானப்பட வேண்டாம் என்று வைரஸுக்கு யம்புக்குவின் பெயரை வைக்காமல், அந்த வட்டாரத்து எபோலா ஆற்றின் பெயரை வைத்தார்கள். இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். வெளியிலிருந்து யாரும் வருவதற்கு முன்பே பல ஊர்ப் பெரியவர்கள் பாதையில் தடுப்புப் போட்டு, வருவோர் போவோரை நிறுத்தி வைத்திருந்தார்கள். பெரியம்மை காலத்தில் கற்ற பாடம் அவர்களிடம் இருந்தது.

வௌவால் கடித்தால் சொல்வார்களா?

பெருவின் அமேசான் பகுதியில் ட்ருவெனோகோச்சா, சாண்டா மார்த்தா என்று இரண்டு ஊர்கள். 2010இல் அங்கே 92 பேரிடம் கேட்டபோது, ரத்தம் குடிக்கும் வௌவால் தங்களைக் கடித்திருப்பதாகப் பாதிக்கு மேல் சொன்னார்கள். ரத்தம் கொடுத்த 63 பேரில் 7 பேருக்கு ரேபிஸ் வைரஸை எதிர்க்கும் சக்தி உடம்பில் இருந்தது. அவர்களில் ஒருவர்தான் முன்பு தடுப்பூசி போட்டவர். வந்தால் சாவு நிச்சயம் என்று பாடப்புத்தகம் சொல்லும் நோயை உடம்பு எதிர்கொண்டு தப்பியிருக்கலாம் என்ற எண்ணமே அப்போது விஞ்ஞானிகளைத் திகைக்க வைத்தது. தூங்கும்போது கடிப்பதை யாரும் வியாதி என்று சொல்லமாட்டார்கள். ராத்திரி என்ன கடிக்கிறது, கொசுவலை கிழிந்திருக்கிறதா என்று தனியாகக் கேட்டால்தான் விஷயம் வெளியே வரும்.

இதயம் இளமை, வயிற்றில் புழு

பொலிவியாவின் தாழ்நிலக் காட்டில் வாழும் சிமானே மக்கள் 705 பேருக்கு சி.டி. ஸ்கேன் எடுத்து 2017இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். 85 சதவீதம் பேருக்கு இதய ரத்தக்குழாயில் சுண்ணாம்புப் படிவு இல்லவே இல்லை. எண்பது வயதுக்காரரின் ரத்தக்குழாய் ஐம்பதுகளில் இருக்கும் அமெரிக்கருடையதைப்போல் இருந்தது. தோணியிலும் ஜீப்பிலும் ட்ரினிடாட் நகரம்வரை வந்து அவர்கள் ஸ்கேனுக்குப் படுத்தார்கள். செய்தித்தாள்கள் இதைக் கொண்டாடின. அதே மக்களைக் குடற்புழுவும் மூச்சுத்தொற்றும் வாட்டுவதைப் பற்றி அவ்வளவாக எழுதவில்லை. உலகத்துக்கு வியப்பாக இருப்பது ஒன்று, அந்த ஊர்த் தாய்க்குத் தேவைப்படுவது இன்னொன்று.

சோளக்கொல்லை பொம்மையும் கொரில்லாவும்

உகாண்டாவின் பிவிண்டி காடு 1991இல் தேசியப் பூங்காவானது. தலைமுறை தலைமுறையாக அதற்குள் வாழ்ந்த பட்வா மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். நிலம் இல்லை, வேட்டை இல்லை, காட்டு மருந்தும் இல்லை. 2000ஆம் ஆண்டு வாக்கில் அவர்களுக்கு என்ன தேவை என்று பார்க்க வந்த ஸ்காட், கேரல் கெல்லர்மேன் தம்பதி, கட்டடம் எழும்வரை காத்திருக்காமல் மரத்தடியிலேயே வைத்தியம் பார்த்தார்கள். குளுக்கோஸ் பாட்டில் கிளையில் தொங்கியது. அந்த மரத்தடிதான் இன்று பிவிண்டி சமூக மருத்துவமனை.

அதே காட்டில் 1996இல் மலைக் கொரில்லாக்களுக்குச் சொறி கண்டு, ஒரு குட்டி இறந்தது. உகாண்டா வனவிலங்குத் துறையின் கால்நடை மருத்துவர் கிளாடிஸ் கலேமா-ஸிகுசோகா காரணத்தைத் தேடிப் போய்ச் சேர்ந்த இடம் மனிதர்களின் தோட்டம். பயிரைக் காக்க நிறுத்திய பொம்மைகளில் மாட்டியிருந்த பழைய துணியைக் கொரில்லாக்கள் தொட்டிருக்கின்றன. ஊர்மக்களுக்குச் சிரங்கு மருந்தும் சோப்பும் தண்ணீரும் கிடைக்காதவரை கொரில்லாவுக்கு மட்டும் வைத்தியம் பார்த்துப் பயனில்லை என்று புரிந்து, 2003இல் மனிதர், விலங்கு இரு தரப்பின் உடல்நலத்தையும் சேர்த்துக் கவனிக்கும் ஓர் அமைப்பைத் தொடங்கினார். கொரில்லாவைக் காக்க உலகம் கொட்டும் பணத்தில் பட்வா பிள்ளைகளுக்கும் நியாயமான பங்கு வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒரு வேளை மாத்திரை

ஈரமும் வெப்பமும் உள்ள காட்டு ஊர்ப் பிள்ளைகளின் தோலிலும் எலும்பிலும் புண்ணாக வரும் யாஸ் நோய்க்கு ஒரே ஒரு வேளை அசித்ரோமைசின் மாத்திரை போதும். பாப்புவா நியூகினியில் இதை ஓரியோல் மித்ஜா என்ற மருத்துவரின் குழு 2012இல் நிரூபித்தது. இந்தியா 2016இல் யாஸ் இல்லாத நாடாக அங்கீகரிக்கப்பட்டது. மத்திய ஆப்பிரிக்கக் காடுகளில் பிள்ளைகள் இன்னும் அந்தப் புண்ணோடு நடக்கிறார்கள். மாத்திரை இருக்கிறது, எந்த ஊரில் எத்தனை பிள்ளைகள் என்ற கணக்குத்தான் போதவில்லை.

ஆற்றை வைத்துப் பிரித்த மாவட்டங்கள்

பிரேசிலில் 1999இல் வந்த சட்டப்படி, பழங்குடி மக்களின் சுகாதாரத்துக்கென்று 34 தனி மாவட்டங்கள் உண்டு. மாநில எல்லையை வைத்து அல்ல, எந்த இனத்தார் எந்த நிலத்தில், எந்த ஆற்றோரம் வாழ்கிறார்கள் என்பதை வைத்துப் பிரித்தவை. ஊருக்குள் இருந்தே தேர்ந்தெடுக்கப்பட்ட சுகாதாரப் பணியாளர்கள் இருக்கிறார்கள். பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்படும் நோயாளியும் கூடவரும் உறவினரும் தங்க நகரங்களில் தனி விடுதிகள் இருக்கின்றன. துணைக்கு ஆள் வர இடமில்லாவிட்டால் பலர் சிகிச்சைக்கே கிளம்பமாட்டார்கள் என்பதை அறிந்தவர்கள் செய்த ஏற்பாடு.

ஏட்டில் இவ்வளவு இருந்தும் 2023 ஜனவரியில் யனோமாமி பழங்குடியினரின் நிலத்தில் சுகாதார அவசரநிலை அறிவிக்க வேண்டிவந்தது. அது தமிழ்நாட்டில் முக்கால் பங்கு அளவுள்ள காடு. திருட்டுத்தனமாகத் தங்கம் தோண்டுவோர் புகுந்து வெட்டிய குழிகளில் நீர் தேங்கி மலேரியாக் கொசு பெருகியது. அவர்கள் பயன்படுத்திய பாதரசம் ஆற்று மீனில் ஏறியது. பிள்ளைகள் எலும்பும் தோலுமாகக் கிடந்த படங்களை உலகம் பார்த்தது. மாத்திரை மட்டும் அனுப்பினால் தீராது, தோண்டுகிறவர்களை வெளியேற்ற வேண்டும் என்பதை யனோமாமித் தலைவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

விஷமுறிவு மருந்துக்குக் குளிர் வேண்டும்

திரவ வடிவில் வரும் பாம்புக்கடி மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். கடி விழுவது மின்சாரமே இல்லாத ஊரில். ஆக, ஆற்றங்கரைச் சுகாதார நிலையத்துக்கு முதல் தேவை மருந்தா, சூரிய சக்தியில் ஓடும் குளிர்பெட்டியா? இரண்டும் ஒரே படகில் போக வேண்டும்.

ஐந்நூறு பக்கம், ஒரே மொழி

பெரு-பிரேசில் எல்லையில் வாழும் மாட்சேஸ் இனத்து மூத்த வைத்தியர்கள் ஐவர் சேர்ந்து, தங்கள் மருந்தறிவை 2015இல் ஐந்நூறு பக்கத் தொகுப்பாக்கினார்கள். மாட்சேஸ் மொழியில் மட்டும். மருந்துக் கம்பெனிகள் திருடிவிடாமல் இருக்க வேறெந்த மொழியிலும் பெயர்க்கவில்லை. இளையவர்கள் அந்த மூத்தவர்களிடமே காட்டுக்குள் பயிற்சி பெறுகிறார்கள். ஊரில் இல்லாததை மட்டும் பட்டியல் போடும் குழுக்கள், ஊரில் ஏற்கெனவே இருப்பதையும் எழுத வேண்டும்.

அந்தமானில்

வெளியாருடன் பழகத் தொடங்கிய கொஞ்ச காலத்தில், 1999இல், ஜாரவா பழங்குடி மக்களிடையே தட்டம்மை பரவியது. காட்டுக்குள் இருந்தவரை அவர்கள் அறியாத நோய். அவர்களுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் ரத்தன் சந்திர கருக்கு 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர்கள் நலனுக்கு மருத்துவர் எவ்வளவு அவசியமோ, வேடிக்கை பார்க்க வரும் கூட்டம் வராமலிருப்பதும் அவ்வளவு அவசியம்.

நீலகிரி, 1952

பெரும்பாலும் ஆப்பிரிக்கர்களுக்கே உரியது என்று மருத்துவ உலகம் எண்ணியிருந்த, ரத்தச் சிவப்பணுக்களை அரிவாள்போல் வளைக்கும் அரிவாள் செல் மரபணு, நீலகிரிப் பழங்குடியினரிடமும் இருப்பதை லேமன், கட்புஷ் என்ற இருவர் 1952இல் கண்டு வெளியிட்டார்கள். மலேரியாக் காட்டில் இந்த மரபணு ஒற்றையாக வந்தால் உயிர்காக்கும் கேடயம், அப்பா அம்மா இருவரிடமிருந்தும் வந்தால் வாழ்நாள் முழுக்க வலி. கண்டுபிடித்தும் பல பத்தாண்டுகள் அந்த வலிக்கு ஊருக்குள் பெயர் இல்லை. கூடலூரில் 1990இல் உருவான 'அஷ்வினி' அமைப்பு, பணியர், பெட்டக்குறும்பர், காட்டுநாயக்கர் ஊர்களிலிருந்தே பெண்களைத் தேர்ந்து சுகாதாரப் பணியாளர்களாக்கி, ஆதிவாசி மருத்துவமனையை நடத்திவருகிறது. எலும்பு வலி என்று திரும்பத் திரும்ப வரும் பிள்ளைக்கு ரத்தம் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.

2023 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய அரிவாள் செல் ஒழிப்பு இயக்கம் ஏழு கோடிப் பேரைப் பரிசோதிக்க இலக்கு வைத்தது. பரிசோதித்தவர்களுக்கு அட்டை தருகிறார்கள். மரபணுவைச் சுமக்கிறாள் என்று எழுதிய அட்டை ஒரு பெண்ணின் கையில் வந்தபின், அவளுக்கும் அவள் வீட்டாருக்கும் அவர்கள் மொழியில் உட்கார்ந்து விளக்க ஆள் உண்டா என்று கூடலூரிலும் பந்தலூரிலும் போய் ஒவ்வொரு ஊராகக் கேட்க வேண்டும்.